நாடகப் பாட்டின் மெட்டில் பகடி வரிகளைப் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

மேடை நாடகப் பாட்டு ஒன்றை எடுத்து, மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, வார்த்தைகளை மட்டும் மாற்றிச் சிரிக்க வைப்பது பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். நண்பர் குழுக்களுக்காக இப்படிப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். புதிதாக எழுத வருகிறவர்களின் தாள்களையும் திருத்தியிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான்: நகைச்சுவை நன்றாக இருக்கும், வரி பாட வராது. எழுத்துகளை எண்ணி எழுதியிருப்பார்கள், அவற்றின் நீளத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். தமிழ் வரி மெட்டுக்குள் உட்காருவது குறில் நெடில் வரிசையால்தான்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூலப் பாட்டின் முழு வரிகள், குரல் இல்லாத கரோக்கித் தடம், ஒலிப்பதிவு செய்ய ஒரு போன், பென்சில், நிறைய வெற்றுத் தாள். இவ்வளவு போதும்.

மூலப் பாட்டைத் தாளைப் பார்க்காமல் பாடும் அளவுக்கு முதலில் பழகிக்கொள்ளுங்கள். அரைகுறையாக நினைவில் இருக்கும் மெட்டு நம் வசதிக்கு வளைந்துகொடுக்கும். நாம் எழுதிய தப்பான வரிக்கும் இடம் விட்டுவிடும். கரோக்கித் தடம் அப்படி வளையாது. அதை முதல் நாளிலிருந்தே ஓடவிட்டு எழுதுங்கள்.

கேட்கப்போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டாக இருக்க வேண்டும். பழைய வரியும் புதிய வரியும் ஒரே நேரத்தில் மனத்தில் ஓடினால்தான் சிரிப்பு வரும். உங்களுக்கு எவ்வளவு பிடித்த பாட்டாக இருந்தாலும், அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது என்றால் விட்டுவிடுங்கள்.

2. கேலியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நாடகப் பாட்டில் ஒரு பாத்திரம் பெரும்பாலும் எதற்காவது ஏங்கும், எதையாவது சபதம் செய்யும், யாரையாவது நினைத்து உருகும். அந்த உணர்ச்சியை மாற்றாதீர்கள். அதை ஓர் அற்பக் காரியத்தின் மேல் ஏற்றுங்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க இந்த உதாரணத்தையே வைத்துக்கொள்வோம்: "ஒருத்தி தன் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, காதலனைப் பிரிந்தவள் போலப் புலம்புகிறாள்." இந்த வாக்கியத்தைத் தாளின் உச்சியில் எழுதி வையுங்கள். பிறகு தோன்றும் ஒவ்வொரு வரியையும் இதோடு ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது எவ்வளவு நல்ல நகைச்சுவையாக இருந்தாலும் இந்தப் பாட்டுக்கு உரியதல்ல. இந்தப் படியைத் தாண்டிப் போனவர்களின் தாளில் பத்து வரியில் பத்து விஷயம் இருக்கும். எதுவும் ஏறி உச்சிக்குப் போகாது.

3. பாட்டின் அமைப்பைப் பிரியுங்கள்

பழைய அமெரிக்க இசை நாடக மேடைப் பாட்டுகளில் நிறையப் பாட்டுகள் 32 பார் அளவில் இருக்கும். ஒரு பார் என்றால் ஒரு தாளச் சுற்று. அது எட்டெட்டாக நான்கு பகுதிகளாகப் பிரியும். முதல், இரண்டாம், நான்காம் பகுதிகளுக்கு ஏறக்குறைய ஒரே மெட்டு. மூன்றாவது மட்டும் வேறு மெட்டில் விலகிப் போய்த் திரும்பும். சில பாட்டுகளில் இதற்கு முன்னால் பேச்சு மாதிரி ஒரு முன்னுரையும் உண்டு.

இந்தப் பிரிவைத் தாளில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நகைச்சுவையை எங்கே வைப்பது என்பதை இதுதான் சொல்லும். முதல் பகுதியில் நிலைமையைச் சொல்லுங்கள். இரண்டாவதில் அதே நிலைமை மோசமாகட்டும். மூன்றாவதில் மெட்டே திசை மாறுவதால் பார்வையும் மாறட்டும்: புலம்பியவள் திடீரென்று கணினியையே குற்றம் சாட்டலாம், அல்லது பழைய நல்ல நாட்களை நினைத்துப் பார்க்கலாம். நான்காவது பகுதிக்கு உங்களிடம் இருப்பதிலேயே பெரிய நகைச்சுவையை வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் அதை முதல் பகுதியிலேயே கொட்டிவிடுவார்கள். அப்புறம் மூன்று நிமிடம் இறக்கம்தான்.

4. வார்த்தைக்கு முன் தத்தகாரம்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். தாண்டாதீர்கள்.

ஒரு வார்த்தையும் இல்லாமல் மெட்டைத் "தான தந்தன" என்று பாடி அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இதுதான் தத்தகாரம். திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டுக்கு மேலே "தத்தத்தன தத்தத் தனதன" என்பது போலச் சந்தத்தை அச்சிட்டிருப்பார்களே, அதே முறைதான். நீளமாக நிற்கும் சுரத்துக்குத் தா அல்லது தந். ஓடிப்போகும் சுரத்துக்குத் த, ன.

கணக்கு இப்படி: தனிக்குறில் ஒரு மாத்திரை. நெடில் இரண்டு. குறிலோடு ஒற்று சேர்ந்தாலும் இரண்டு. இலக்கண நூலில் ஒற்றுக்கு அரை மாத்திரை என்று படித்திருப்போம். மெட்டுக்கு எழுதும்போது அந்தக் கணக்கை ஒதுக்கிவையுங்கள். "கல்" பாடும்போது "கா" அளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சொல்லின் கடைசியில் வரும் ஐகாரம் குறுகி ஒலிக்கும். அதை ஒன்றாகவே எண்ணலாம்.

தத்தகாரத்துக்கு மேலே இரண்டு குறிகள் போடுங்கள். தாளம் பலமாக விழும் இடத்தில் ஒரு புள்ளி. பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு சாய்கோடு. இந்த இரண்டும் பின்னால் அடிக்கடி தேவைப்படும்.

5. முத்திரை வரியை முதலில் பிடியுங்கள்

ஒவ்வொரு நாடகப் பாட்டிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர் இருக்கும். பாட்டின் பெயரே பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் பகடிக்கான முத்திரைத் தொடர் கிடைக்கும் வரை வேறு வரி எழுதாதீர்கள். அது மூன்று நான்கு தடவை வரப்போகிறது. அதில் ஒரு சொல் மாறினால் அதோடு இயைபு (வரி முடிவில் ஒத்த ஓசை) சேர்த்த எல்லா வரிகளும் கலையும்.

முடிந்தவரை மூல வரியின் ஓசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மூலத்தில் ஆகாரத்தில் முடிந்தால் உங்களுடையதும் ஆகாரத்தில் முடியட்டும். முதல் மெய் ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. கேட்பவர் பழைய வரியை எதிர்பார்த்து வாயசைத்துக்கொண்டிருக்கும்போது கடைசி நொடியில் புதிய சொல் வந்து விழ வேண்டும்.

6. மாத்திரையைப் பொருத்துவது: ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

மெட்டின் ஒரு அடி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

தந்தன தந்தன தந்தன தானா

நான்கு துண்டு. துண்டுக்கு நான்கு மாத்திரை. மொத்தம் பதினாறு. பாடும் ஒலித்துண்டுகளை எண்ணினால் பதினொன்று.

புதியவர் முதலில் எழுதுவது இது:

கடவுச்சொல்லை நான் மறந்துவிட்டேன்

எண்ணிப் பாருங்கள்: க, ட, வுச், சொல், லை, நான், ம, றந், து, விட், டேன். பதினொன்று! சரியாக இருக்கிறதே என்று அவர் சந்தோஷப்படுவார். பாடிப் பார்த்தால் "காடவு சொல்லைந மாறது விட்டேன்" என்று ஏதோ வருகிறது. ஏன்? மெட்டில் நீளமான முதல் சுரத்தில் குறிலான "க" நிற்கிறது. அதனால் "கா" ஆகிறது. குட்டியான மூன்றாம் சுரத்தில் கனமான "வுச்" மாட்டிக்கொண்டு நசுங்குகிறது. "நான்", "ம", "றந்" மூன்றுக்கும் இதே கதி. பதினொன்றில் ஐந்து இடம் தலைகீழ். மாத்திரையைக் கூட்டினால் பதினேழு, ஒன்று அதிகம்.

இப்போது இதைப் பாருங்கள்:

போட்டது நானதை மாற்றிய தாரோ
பூட்டிய சொல்லது பூனைப் பேரோ

போட்-ட-து, நா-ன-தை, மாற்-றி-ய, தா-ரோ. ஒவ்வொரு நீள சுரத்திலும் நெடில் நிற்கிறது. குட்டிச் சுரத்தில் குறில்தான். "போட்டது நான், அதை மாற்றியது ஆரோ" என்று பிரித்து எழுதினால் அளவு மீறும். புணர்ச்சிதான் அதை மெட்டுக்குள் இழுத்துக் கட்டுகிறது. "கடவுச்சொல்" என்ற சொல்லே வரியில் இல்லை என்பதையும் கவனியுங்கள். அந்தச் சொல் இந்த மெட்டில் எந்தத் துண்டின் தொடக்கத்திலும் உட்காராது, ஆகவே அதைச் சொல்லாமலே பொருள் வருகிறது.

இரண்டாம் அடியின் மூன்றாம் துண்டு "பூனைப்". தந்தன இருக்க வேண்டிய இடத்தில் தானா வந்திருக்கிறது. பரவாயில்லை. இரண்டு குட்டிச் சுரத்தை ஒரே ஒலியில் சேர்த்துப் பாடலாம், மாத்திரை நான்குதான். அந்த "ப்" இல்லாமல் "பூனை பேரோ" என்று விட்டிருந்தால் ஒன்று குறைந்து, பாடகர் அந்த இடத்தில் தடுமாறுவார்.

ஒற்று இப்படி உதவும், கெடுக்கவும் செய்யும். அதே மெட்டில் "தப்பெனத் திட்டுது" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். "தப்பென" மட்டும் என்றால் சரியான தந்தன. சந்தியில் வந்த "த்" அதை ஐந்தாக்கிவிட்டது. சந்தி எழுத்தை எழுதினாலும் எழுதாவிட்டாலும் வாய் அதைச் சொல்லும், அதனால் அதையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

அளவு ஒன்றிரண்டு கூடினால் குறைந்தால் என்ன செய்வது? தமிழில் ஒரே பொருளுக்குப் பல நீளங்கள் கிடைக்கும். "இருக்கிறது" ஆறு மாத்திரை, "இருக்குது" ஐந்து, "இருக்கு" நான்கு. "உள்ளது" நான்குதான், ஆனால் தந்தனவாக வரும். "வந்துவிட்டான்" ஏழு, "வந்துட்டான்" ஆறு, "வந்தான்" நான்கு. பகடியில் பேச்சு வழக்குக்கு முழு உரிமை உண்டு, தயங்காமல் எடுங்கள். தான், ஏ, அட போன்ற அசைகளை இட்டு நிரப்பலாம், ஆனால் ஒரு பகுதிக்கு ஒன்றுக்கு மேல் போனால் ஓட்டை அடைத்தது தெரிந்துவிடும்.

7. நீட்டினால் பொருள் மாறும் சொற்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. தொலைந்த குடையைப் பற்றி ஒரு பகடி எழுதினேன். "குடை" என்ற சொல் நீள சுரத்தில் விழுந்தது. தாளில் அது தெரியவே இல்லை. மேடையில் பாடகி தெளிவாக "கூடை" என்று பாடினார், பாட முடிந்ததும் அதுதான். கூடையைத் தேடுகிறார்கள் என்று அரங்கம் கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தது.

மலை மாலையாகும். படம் பாடமாகும். விடு வீடாகும். நகம் நாகமாகும். கொடு கோடாகும். எழுதி முடித்த பிறகு நீள சுரங்களை மட்டும் தனியாகப் பாருங்கள். அங்கே தனிக்குறில் நின்றால், நீட்டிச் சொல்லி வேறு சொல் பிறக்கிறதா என்று சோதியுங்கள். பிறந்தால் மாற்றியே தீர வேண்டும். பிறக்காவிட்டாலும் மாற்றுவது நல்லது. கேட்பவருக்கு வரி முதல் தடவையிலேயே புரிய வேண்டும், திரும்பக் கேட்க அவருக்கு வாய்ப்பு இல்லை.

8. தாளம் விழும் இடத்தில் சொல் தொடங்கட்டும்

தமிழ்ச் சொல்லின் பலம் முதல் அசையில். ஆகவே நான்காம் படியில் வைத்த புள்ளிகளுக்குக் கீழே சொல்லின் தொடக்கம் வருவதுதான் இயல்பு. சொல்லின் நடுவில் புள்ளி விழுந்தால் சொல் இரண்டாக உடைந்து கேட்கும். யாப்பில் இதை வகையுளி என்பார்கள். மூச்சுக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு சொல் பரவிக் கிடந்தால் இன்னும் மோசம்.

மூலப் பாட்டு ஆங்கிலமாக இருந்தால் ஒரு தனிச் சிக்கல் வரும். ஆங்கில வரிகள் பல, தாளத்துக்குச் சற்று முன்பே ஒரு சின்னச் சொல்லோடு தொடங்கிவிடும். கர்நாடக இசையில் அதீத எடுப்பு என்போமே, அதேதான். தமிழில் அந்த இடத்தில் நேரடியாக முக்கியமான சொல்லை வைத்தால் அதன் முதல் அசை தாளத்துக்கு வெளியே பலமில்லாமல் போய்விடும். அங்கே அட, ஒரு, இது, என், நம் மாதிரியான லேசான சொற்களை வைத்துக்கொண்டு, பெயர்ச்சொல்லைத் தாளத்தின் மேல் இறக்குங்கள். பாதித் திருத்தங்கள் இந்த ஒரு மாற்றத்திலேயே முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

9. இயைபும் கடைசிச் சொல்லும்

மூலத்தில் இயைபு எங்கே விழுகிறதோ அங்கே உங்களுடையதும் விழ வேண்டும். மெட்டு அந்த இடத்தில் முடிந்து நிற்கிறது, காது எதிர்பார்க்கிறது.

ஆனால் வந்தேன், போனேன், பார்த்தேன் என்று விகுதியில் இயைபு சேர்க்காதீர்கள். தமிழில் எல்லா வினையும் அப்படித்தான் முடியும். அதில் ஆச்சரியம் இல்லை. பெயர்ச்சொல்லையும் வினையையும் மோதவிடுங்கள்: "மாற்றிய தாரோ", "பூனைப் பேரோ". வரியின் தொடக்கத்தில் போட்டது, பூட்டிய என்று எதுகையும் சேர்ந்துவிட்டால் தமிழ்க் காது முழுசாகத் திருப்திப்படும்.

ஈரடியாக எழுதும்போது இரண்டாம் அடியை முதலில் எழுதுங்கள். சிரிப்பு அங்கேதான். அதன் கடைசிச் சொல் முடிவான பிறகு, அதற்கு இயையும் ஒரு சாதாரணச் சொல்லில் முதல் அடி முடியட்டும். வரிசையை மாற்றினால் நல்ல சொல் முதல் அடியில் செலவாகிவிடும். இரண்டாவது அடி ஒட்டுப்போட்டதாக இருக்கும்.

கடைசிச் சுரத்தை நீட்டிப் பிடிக்கிற மெட்டு என்றால் உயிரெழுத்தைப் பாருங்கள். ஆ, ஓ தாராளமாக நீளும். உச்ச சுரத்தில் ஈ, ஊ பாடுபவரின் தொண்டையை இறுக்கும். ம், ன், ல் முடிவில் வந்தால் முனகிச் சமாளிக்கலாம். "தப்பு" என்ற குற்றியலுகரத்தை நீட்டினால் "தப்பூ". "லேப்டாப்" மாதிரி வல்லின ஒற்றில் முடியும் சொல்லை நீட்டவே முடியாது. இவற்றைக் குட்டிச் சுரத்தில் முடியும் அடிகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

10. மூச்சுவிடாமல் கொட்டும் பாட்டு என்றால்

வேகப் பாட்டில் எல்லாச் சுரமும் குட்டி. ட்ட, ற்ற, க்க வரும் சொல் ஒவ்வொன்றும் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தும். "இதுவரை எதுவுமே" மாதிரி ஒற்றில்லாத சொற்களைத் தேடுங்கள். ல, ள, ழ பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். முழு வேகத்தில் மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். மூன்றாவது தடவை நாக்கு புரண்டால் மேடையிலும் புரளும்.

11. வேறொருவரைப் பாட வைத்துச் சோதியுங்கள்

எழுதியவர் பாடினால் எல்லா வரியும் பொருந்தும். தன் வரியை எங்கே இழுக்க வேண்டும், எங்கே விழுங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதனால் மெட்டு தெரிந்த, ஆனால் உங்கள் வரிகளைப் பார்க்காத ஒருவரிடம் தாளைக் கொடுத்துக் கரோக்கியோடு பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். அவர் தடுமாறும் இடமெல்லாம் உங்கள் தவறு. குறித்துக்கொண்டு ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.

அப்புறம் அந்தப் பதிவை, தாளையே பார்க்காத மூன்றாவது ஆளுக்குப் போட்டுக் காட்டி, கேட்ட வார்த்தைகளை எழுதச் சொல்லுங்கள். கூடை குடைகள் எல்லாம் இங்கே பிடிபடும்.

சிரிப்புக்கு இடமும் விட வேண்டும். பெரிய நகைச்சுவை விழுந்த உடனே அடுத்த வரி தொடங்குகிறது என்றால், அந்த அடுத்த வரியில் முக்கியமான தகவல் எதையும் வைக்காதீர்கள். சிரிப்புச் சத்தத்தில் அது முழுகிவிடும்.

12. பொதுவில் வெளியிடுவதாக இருந்தால்

மெட்டு இன்னொருவருடைய சொத்து. பகடிக்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல், வணிக நோக்கம் உள்ள பகடியும் நியாயமான பயன்பாடாக இருக்கலாம் என்றது. மூலப் பாட்டையே விமரிசிப்பதையும், அதை வெறும் வாகனமாக்கி வேறொன்றைக் கிண்டல் செய்வதையும் வேறுபடுத்திப் பார்த்தது. பிரிட்டனில் 2014 முதல் பகடிக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பகடி என்று பெயர் சொல்லித் தனி விலக்கு இல்லை. வீடியோவாக ஏற்றும் எண்ணம் இருந்தால் எழுதத் தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். எழுதி முடித்த பிறகு மெட்டை மாற்ற முடியாது.

13. பாடகருக்குக் கொடுக்கும் தாள்

சுத்தமாக எழுதிய வரிகளை மட்டும் கொடுத்தால் போதாது. ஒவ்வொரு அடிக்கு மேலும் தத்தகாரத்தைச் சின்ன எழுத்தில் எழுதுங்கள். புணர்ச்சியில் சேர்ந்த சொற்களைப் பாடும் விதத்திலேயே எழுதுங்கள்: "மாற்றியது ஆரோ" என்று இருந்தால் அவர் அப்படியே பாடிவிடுவார். மூச்சுக் கோடு, தாளப் புள்ளி இரண்டும் அப்படியே இருக்கட்டும். சிரிப்புக்காகக் காத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் போட்டு, சிரிப்பு வராவிட்டால் நிற்காமல் பாடிக்கொண்டே போகச் சொல்லி ஓரத்தில் எழுதிவிடுங்கள்.